வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதும் வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு நாளிதழ்கள் எல்லாம் 'அடுத்து என்ன படிக்கலாம்' பக்கங்களை வெளியிடுகின்றன. அவற்றில் சமூகப்பணிப் படிப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாலு வரி. அந்த நாலு வரியிலும் 'சேவை மனப்பான்மை உள்ளவர்களுக்கு ஏற்றது' என்பது தவறாமல் இருக்கும். குற்றவியல் என்றால் தடயவியலையும் சைபர் குற்றத்தையும் சொல்லி முடித்துவிடுவார்கள். நீதிமன்றத்துக்கும் வீட்டுக்கும் இடையே அன்றாடம் அலைகிற வேலை ஒன்று இருப்பதை யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. நன்னடத்தை அலுவலர், குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர், சிறை நல அலுவலர், பாதிக்கப்பட்ட குழந்தைக்கு வழக்கு முடியும்வரை துணையாக வரும் உதவி நபர் என்று அதற்குப் பல பெயர்கள். அந்த வேலையில் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தச் 'சேவை' என்ற சொல். இரக்கம் இருந்தால் போதும் என்று யாரையும் ஊசி போட நாம் விடுவதில்லை. சமூகப்பணியில் மட்டும் மனசு நல்லதாக இருந்தால் போதும், மற்றது தானாக வரும் என்று நினைக்கிறோம். சம்பளம் குறைவாக இருப்பதற்கும் அதையே சமாதானமாகச் சொல்கிறோம். சமூகப் பணி வேறு, சமூக சேவை வேறு. விடுமுறை நாளில் ரத்ததான முகாம் நடத்துபவர் சமூக சேவகர். ஒரு பையனை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று நீதிமன்றம் முடிவெடுக்கும் முன் அவன் வாழ்க்கையை விசாரித்து எழுதித் தருபவர் தொழில்முறைப் பணியாளர். அவர் தப்பாக எழுதினால் அதன் விலையைக் கொடுப்பது அந்தப் பையன்.

இந்த வேலை நமக்குப் புதிதும் அல்ல. இந்திய மாகாணங்களில் குழந்தைகள் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1920-ல். வயது வந்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையோடு வெளியே விடும் நன்னடத்தைச் சட்டமும் 1936-லேயே இங்கே வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் அப்படியொரு சட்டம் வர 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1841-ல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற காலணித் தொழிலாளி, குடித்துவிட்டுப் பிடிபட்ட ஒருவருக்குத் தானே ஜாமீன் நின்று, சில வாரம் கழித்துத் தெளிந்த மனிதராக நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆளைப் பார்த்து எடைபோடுவது, பொறுப்பேற்பது, நடந்ததைத் திரும்ப நீதிமன்றத்தில் சொல்வது என்ற மூன்றும் அன்று அவர் செய்தவை. இன்றும் வேலை அதுதான். படிவங்கள்தான் கூடியிருக்கின்றன.

சிறார் வழக்கிலிருந்து தொடங்குகிறோம். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிறையாத ஒருவரைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப்பணி உறுப்பினர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். விசாரணை மொத்தமும் 4 மாதத்தில் முடிய வேண்டும், நீட்டித்தால் இன்னும் 2 மாதம். சிறு குற்றம் என்றால், நீட்டித்த காலத்திலும் முடியாத பட்சத்தில் வழக்கே அற்றுப்போகும்.

அந்த 15 நாளில்தான் வேலையின் சாரம் இருக்கிறது. முதல் சந்திப்பு பெரும்பாலும், விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில். உட்கார்ந்ததும் 'ஏன்டா செஞ்சே' என்று கேட்டால், ஸ்டேஷனில் எழுதியதையே பையன் ஒப்பிப்பான், இல்லாவிட்டால் வாயே திறக்க மாட்டான். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், வீட்டில் யார் யார் எங்கே படுப்பார்கள், எந்த வகுப்போடு நின்றாய், கடைசியாக வாங்கிய சம்பளத்தை யார் கையில் கொடுத்தாய் என்று அன்றாட விஷயங்களிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். வழக்கைப் பற்றிய பேச்சு இரண்டாவது சந்திப்பில் தானாக வரும். ஒரே சந்திப்பில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன் என்பவரின் அறிக்கையில் பாதி, போலீஸ் ஆவணத்தின் நகலாகத்தான் இருக்கும்.

அடுத்தது வீட்டுக்குப் போவது. அரசுப் பலகை மாட்டிய வண்டியில் போகக் கூடாது, போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது. பகல் 12 மணிக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும். 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பி வருவது சுலபம். உண்மையில் அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அதிகாலையிலோ இரவு 7 மணிக்கு மேலோ போனால்தான் ஆள் கிடைப்பார்கள். அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது 'கேஸ்' என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டால் போச்சு, மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். குழந்தைகள் நலம் தொடர்பாக வந்திருக்கிறோம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டியதில்லை.

வீட்டுக்குள் எதைப் பார்ப்பது? பிள்ளை படுக்கும் இடம். புத்தகங்கள் இருந்தால் எந்த ஆண்டுப் புத்தகங்கள் என்பது. யாராவது தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறார்களா என்பது. குழுக் கடன் அட்டையில் வாரம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது, எத்தனை வாரம் தவறியிருக்கிறது என்பது. பள்ளி விட்டு வருவதற்கும் பெரியவர்கள் வீடு திரும்புவதற்கும் இடையே எத்தனை மணி நேரம், அந்த நேரத்தில் பிள்ளை யாரோடு என்பது. பிறகு பள்ளி. தலைமையாசிரியரிடம் 'பையன் எப்படி' என்று கேட்டால் 'சுமார்' என்பார். வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்று தேடினால், பெரும்பாலும் அந்த மாதத்தில் வீட்டில் ஏதோ நடந்திருக்கும். ஒரு சாவு, ஒரு பிரிவு, வாடகை கட்ட முடியாமல் ஒரு வீடு மாற்றம். அறிக்கைக்கு முதுகெலும்பு அந்தத் தேதிதான்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு விதமாக ஓர் அறிக்கையை எழுதிக் காட்டுகிறோம். ஒன்று இப்படி: 'குடும்பச் சூழல் சரியில்லை. தந்தை மதுப்பழக்கம் உடையவர். கூடா நட்பால் குற்றத்தில் ஈடுபட்டுள்ளார். இல்லத்தில் வைத்துச் சீர்திருத்தப் பரிந்துரைக்கப்படுகிறது.' இன்னொன்று இப்படி: 'தந்தை இரவுக் காவலாளி. தாய் காலை 5 மணிக்கு வேலைக்குப் போய் 11 மணிக்குத் திரும்புகிறார். எட்டாம் வகுப்பில் ஜூலை வரை ஒழுங்காக வந்த பையன், ஆகஸ்டில் வீடு மாறிய பிறகு பள்ளிக்கு வரவில்லை. புது வீட்டிலிருந்து பள்ளி 4 கி.மீ., நேரடிப் பேருந்து இல்லை. செப்டம்பரில் ஒரு பட்டறையில் சேர்ந்தான். வழக்கில் உள்ள மற்ற இருவரும் அங்கே பழக்கமானவர்கள். அத்தை வீடு பள்ளிக்கு அரை கி.மீ. தொலைவில் இருக்கிறது. பொறுப்பேற்க அத்தையும் மாமாவும் எழுத்துமூலம் சம்மதித்துள்ளனர். பள்ளி மறுசேர்க்கைக்குத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டுள்ளார்.'

முதல் அறிக்கையைப் படிக்கும் குழுமத்துக்கு இல்லத்தைத் தவிர வேறு வழி கண்ணில் படாது. இரண்டாவதைப் படித்தால், சட்டத்தின் 18-ம் பிரிவில் உள்ள மற்ற வாய்ப்புகள் எல்லாம் உயிர்பெறும். அறிவுரை சொல்லி அனுப்பலாம், குழு ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், அத்தையின் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். சிறப்பு இல்லம் என்பது அந்த வரிசையில் கடைசியில் வருவது, அதிகபட்சம் 3 ஆண்டு. பையனும் ஒருவன்தான், குற்றமும் ஒன்றுதான். அவன் எங்கே போகிறான் என்பதை மாற்றியது ஒரு பேருந்துத் தடத்தைப் பற்றிய ஒரு வரி.

முதல் வகை அறிக்கைகள் ஏன் வருகின்றன? எழுதியவர் கெட்டவர் என்பதால் அல்ல. கணக்கைப் பாருங்கள். இல்லத்தில் இரண்டு சந்திப்பு, ஒரு வீடு, ஒரு பள்ளி அல்லது வேலையிடம், காவல் நிலையம், எழுதும் நேரம் என்று ஓர் அறிக்கைக்குக் குறைந்தது இரண்டு முழு வேலைநாள் ஆகும். மாதம் 20 வழக்கு வந்தால் 40 வேலைநாள் வேண்டும். மாதத்தில் இருப்பதோ 22 நாள். அதிலும் குழுமம் கூடும் நாட்களில் அங்கே இருந்தாக வேண்டும், ஆய்வுக் கூட்டம், இணையப் பதிவு, புள்ளிவிவரம் கேட்டு வரும் அவசரக் கடிதம் எல்லாம் வேறு. எனவே பழைய அறிக்கையைத் திறந்து, பெயரை மாற்றி, அச்செடுக்கிறார்கள். சில சமயம் நடுவில் ஓரிடத்தில் பழைய பிள்ளையின் பெயர் அப்படியே நிற்கும். குழுமத்தின் சமூகப்பணி உறுப்பினர் அதைப் பார்த்துப் பிடித்தால் பிள்ளைக்கு அதிர்ஷ்டம். அந்த உறுப்பினருக்குக் குழந்தைகளின் கல்வி, உடல்நலம் அல்லது நலப்பணியில் குறைந்தது 7 ஆண்டு ஈடுபாடோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் போன்றவற்றில் பட்டமும் தொழில் அனுபவமுமோ வேண்டும் என்று சட்டம் கேட்பது இதற்காகத்தான்.

ஆணை வந்த பிறகு இன்னொரு ஓட்டை. நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டாயிற்று என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். அப்போதுதான் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு இழுத்தடிப்பது, பழைய கூட்டாளிகள் வீட்டு வாசலுக்கு வருவது, ஊரில் எந்தத் திருட்டு நடந்தாலும் இவனையே ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவது ஆகியவை ஆரம்பத்திலேயே தெரியவரும். ஆடிக்கொரு முறை அமாவாசைக்கொரு முறை போனால், அடுத்த வழக்கு பதிவான பிறகுதான் தெரியும்.

வயதைப் பற்றி ஒரு சொல். 17 வயதுப் பையனை 19 என்று எழுதிப் பெரியவர்கள் சிறைக்கு அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது. பல நேரம் கெட்ட எண்ணம்கூட இருக்காது. ஆதாரில் இருக்கும் தேதியையோ, பையன் பயத்தில் சொன்னதையோ எழுதியிருப்பார்கள். வயதை உறுதிசெய்ய இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்புப் பரிசோதனை. எக்ஸ்ரேவில் தெரிவது தோராயமான வயதுதான், ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கும். ஆகவே பையன் முதலாம் வகுப்பு சேர்ந்த தொடக்கப் பள்ளியைத் தேடிப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலை வாங்குவதுதான் சமூகப் பணியாளரின் வேலை. பள்ளி மூடப்பட்டிருந்தால் அதன் பதிவேடுகள் எந்த அலுவலகத்துக்குப் போயின என்று தேட வேண்டும். சம்பவத்தன்று சிறாராக இருந்தேன் என்ற கோரிக்கையை எந்தக் கட்டத்திலும், வழக்கு இறுதியாக முடிந்த பிறகும்கூட, எழுப்பலாம். ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவரை ஒரு பள்ளிப் பதிவேட்டின் நகல் வெளியே கொண்டுவர முடியும்.

இனி வயது வந்தவர்கள். 1958-ம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. 3-வது பிரிவு, முன் தண்டனை இல்லாத ஒருவரைச் சிறு குற்றங்களுக்கு எச்சரித்து அனுப்ப இடம் தருகிறது. 4-வது பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் தவிர மற்றவற்றில், 3 ஆண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணையில் விட இடம் தருகிறது. அதோடு அலுவலரின் கண்காணிப்பையும் சேர்த்தால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவருக்கு 6-வது பிரிவு: அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறாமல் நீதிமன்றம் சிறைத் தண்டனைக்குப் போகக் கூடாது. விட வாய்ப்பிருந்தும் விடவில்லை என்றால் அதற்கான காரணத்தைத் தீர்ப்பில் எழுத வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன அன்றே தண்டனையையும் சொல்லிவிடுகிறார்கள். வழக்கறிஞர் 'கட்சிக்காரர் ஏழை, சின்ன வயது, கருணை காட்ட வேண்டும்' என்று நின்றபடியே சொல்வதோடு சரி. அறிக்கை கேட்க வேண்டும் என்று மனு கொடுப்பதில்லை. கேட்டாலும் நாள் போதாது. 4-வது பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு: குற்றவாளிக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்க வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே படுத்துக்கொள்ளும் தொழிலாளி இந்த இடத்தில் சறுக்கிவிடுகிறார். அவர் ஒரே மேஸ்திரியிடம் 6 ஆண்டாக வேலை செய்கிறார் என்பதை விசாரித்து எழுத ஓர் ஆள் இருந்தால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். 12-வது பிரிவையும் சொல்ல வேண்டும். இச்சட்டப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. ஆனால் அரசு ஊழியர் மீதான துறை நடவடிக்கையை இது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குடும்பத்தாருக்குத் தவறான நம்பிக்கை கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

சிறைக்குள் நிலைமை இன்னும் கண்கூடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்குக்கு மேல். இவர்களில் ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர முடியாமல் இருப்பவர்கள் ஒரு தனி ரகம். காரணம் பலமுறை அற்பமானது. கைதுசெய்யும்போது செல்போனைப் பறிமுதல் செய்துவிடுகிறார்கள். இந்தக் காலத்தில் யாருக்கும் மனைவியின் எண்கூட மனப்பாடமாகத் தெரியாது. வேறு மாநிலத்துக்காரர் என்றால் வீட்டுக்குத் தகவலே போயிருக்காது. வேலை செய்த கடையின் பெயர் என்ன, அது எந்த ஸ்டாப்பில் இருக்கிறது, முதலாளியை எப்படிக் கூப்பிடுவாய், ஊரில் தபால் எந்த அஞ்சலகத்திலிருந்து வரும் என்று துருவித் துருவிக் கேட்டு ஒரு தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே முதல் வேலை. பல வழக்குகளில் அந்த ஒரு போன்காலோடு பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று வழி சொன்னது. ஜாமீன் உத்தரவை அன்றே அல்லது மறுநாளே மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளர் நன்னடத்தை அலுவலரையோ சட்டத் தன்னார்வலரையோ கொண்டு அந்தக் கைதியின் பொருளாதார நிலை பற்றி அறிக்கை வாங்கி, நிபந்தனையைத் தளர்த்தக் கோரி நீதிமன்றத்தில் வைக்கலாம். ஒரு மாதம் ஆகியும் பிணை கட்டவில்லை என்றால் நிபந்தனையை மாற்றுவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கும் பண உதவி கேட்க முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, முன்பு தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் பிணையில் விடச் சொல்கிறது. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருப்பவர்களும் இதில் வர மாட்டார்கள்.

விதிகள் இவ்வளவு இருக்கின்றன. ஒவ்வொரு விதியின் நடுவிலும் 'அறிக்கை' என்ற சொல் இருக்கிறது. அதை எழுத ஆள் இல்லாத இடத்தில் விதி காகிதத்தோடு நின்றுவிடும். உள்ளே கழியும் ஒவ்வொரு மாதமும் வெளியே ஒரு வேலை போகிறது, வாடகை பாக்கியாகிறது, மூத்த பிள்ளை பள்ளியை விட்டு நிற்கிறது. இந்த வேலையால் ஊருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் கணக்குப் போட வேண்டியது இங்கேதான்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 'சமூக சேவை' ஒரு தண்டனையாகவே வந்துவிட்டது. முதல்முறையாக ரூ.5,000-க்கும் குறைவான திருட்டில் தண்டனை பெறுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதுதான் தண்டனை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவருக்கும் அதை விதிக்கலாம். ஊதியமில்லாமல், சமூகத்துக்குப் பயன்படும் வேலை என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் விளக்கம் இருக்கிறது. யார் மேற்பார்வை, எத்தனை மணி நேரம், வராவிட்டால் யாரிடம் சொல்வது என்பதைச் சட்டத்தின் வாசகம் சொல்லவில்லை. வருகைப் பதிவும் பொறுப்பாளரும் இல்லாமல் மருத்துவமனையில் போய்ப் பெருக்கு என்று அனுப்பினால், முதல் நாள் செல்பி எடுத்துக்கொண்டு போவதோடு தண்டனை முடிந்துவிடும். கூலி வேலைக்குப் போகும் நேரத்தில் போட்டால் குடும்பம் பட்டினி. அட்டை மாட்டி நிறுத்துவது போன்ற அவமானங்கள் தண்டனையில் சேராது என்பதையும் யாராவது கவனிக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் பக்கமும் இதே தொழில் இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் குழந்தைக்கும் பெற்றோருக்கும் சம்மதம் என்றால் குழந்தைகள் நலக் குழு ஓர் உதவி நபரை நியமிக்கும். குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை இல்லாத அதிகாரி, முடிந்தால் அவள் வீட்டிலேயே, பதிவு செய்ய வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றஞ்சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படக் கூடாது. இவை நடக்கின்றனவா என்று பார்ப்பதோடு, நீதிமன்ற அறை எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள், புரியாத கேள்விக்கு 'புரியவில்லை' என்று சொல்லலாம் என்பதை முன்கூட்டியே குழந்தைக்குச் சொல்லித் தருவார் உதவி நபர். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லித் தரக் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டினால் வழக்கே குலைந்துவிடும். பெரிய தவறு நியமனம் தாமதமாவது. வாக்குமூலம் எல்லாம் முடிந்து, உறவினர்கள் சமாதானம் பேச வந்து போன பிறகு ஒருவரை நியமித்து என்ன பயன்?

படிக்க வருபவர்களுக்குச் சில விஷயங்கள். சமூகப்பணி இளநிலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ. மூன்று ஆண்டு, முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு ஆண்டு. வேறு பட்டம் படித்தவர்களும் எம்.எஸ்.டபிள்யூ. சேர முடியும். சமூகப்பணிக் கல்வி மும்பையில் 1936-லும் சென்னையில் 1952-லும் தொடங்கியது. குற்றவியல் பட்ட மேற்படிப்பு சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காமல் களப்பணியைப் பற்றிக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் களம்? எந்தெந்த இடங்களுக்கு அனுப்புகிறார்கள், அவற்றில் இளைஞர் நீதிக் குழுமமோ சிறையோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ உண்டா? களப்பணி அறிக்கையை ஆசிரியர் வாராவாரம் உட்கார்ந்து பேசித் திருத்துகிறாரா, கையெழுத்து மட்டும் போடுகிறாரா? கடைசிக் கேள்விக்கான பதிலை ஆசிரியரிடம் கேட்பதைவிட இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேட்பது நல்லது. எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளப் பிரிவு எடுப்பவர்கள் நிறைய. அதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் நீதித் துறைக்கு வர நினைப்பவர் முதலாண்டே மேற்சொன்ன சட்டங்களின் மூலப் பிரதியைப் படிக்கத் தொடங்க வேண்டும். பாடப்புத்தகச் சுருக்கம் போதாது.

இன்னும் இரண்டு திறமைகளைப் பாடத்திட்டம் கண்டுகொள்வதில்லை. ஒன்று, எளிய தமிழில் பிழையில்லாமல் இரண்டு பக்கம் எழுதுவது. பார்த்தது எது, கேட்டது எது, தன் கருத்து எது என்று மூன்றையும் பிரித்து எழுதத் தெரியாதவரின் அறிக்கை குறுக்கு விசாரணையில் நிற்காது. மற்றொன்று, நேரம் தவறாமல் ஆஜராவது. 'அலுவலர் வரவில்லை' என்ற காரணத்துக்காக வழக்கு ஒத்திவைக்கப்பட்டால், அந்த இரண்டு வாரத்தையும் உள்ளே கழிப்பது வேறு ஒருவர்.

வேலைவாய்ப்பை மிகைப்படுத்த விரும்பவில்லை. நிரந்தரப் பணியிடங்கள் தேர்வாணையம் போன்ற அமைப்புகள் வழியாக வருகின்றன, குறைவாகவே வருகின்றன. குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் உள்ளவை பெரும்பாலும் தொகுப்பூதிய ஒப்பந்தப் பணிகள். நாலு ஊர் அலைந்து, குடும்பங்களோடு பழகி, எந்தப் பள்ளி மறுசேர்க்கைக்கு ஒத்துக்கொள்ளும், எந்த ஸ்டேஷனில் யாரிடம் பேசலாம் என்று ஒருவர் கற்றுக்கொள்ள இரண்டு ஆண்டாவது ஆகும். அதற்குள் வேறு நிரந்தர வேலை கிடைத்துப் போய்விடுகிறார். புதிதாக வருபவர் பழைய அறிக்கையைத் திறந்து பெயரை மாற்றுவதிலிருந்து தொடங்குகிறார். வழக்கறிஞர்களுக்குப் பார் கவுன்சில் இருப்பதைப் போலப் பொதுவான சமூகப் பணியாளர்களுக்குச் சட்டப்பூர்வமான கவுன்சில் நம் நாட்டில் இல்லை. எனவே தகுதி இல்லாதவரை நியமித்தாலும் கேட்பார் இல்லை, தகுதி உள்ளவரைச் சுரண்டினாலும் கேட்பார் இல்லை. அரசு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓர் அலுவலருக்கு மாதம் இத்தனை அறிக்கைதான் என்று உச்சவரம்பு வைத்து, அதற்கு மேல் வந்தால் ஆளைக் கூட்டுவது. எங்கள் கணிப்பில் 8 அறிக்கைக்கு மேல் ஒருவரால் ஒழுங்காக எழுத முடியாது.

கடைசியாகத் தங்கள் செய்திப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். கூர்நோக்கு இல்லத்தைச் 'சிறுவர் சிறை' என்று எழுதாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறெந்த விவரத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தெருப் பெயரையும் தந்தையின் தொழிலையும் போட்டால், அந்தத் தெருவுக்கு வேறு அடையாளம் வேண்டியதில்லை. மிகக் கொடிய சில குற்றங்கள் தவிர, சிறாரின் வழக்கு ஆவணங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும், அந்த வழக்கால் அவருக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்பது 24-வது பிரிவு. நீதிமன்றக் கோப்பு அழிந்த பிறகும் தங்கள் இணையப் பதிப்பில் அந்தச் செய்தி தேடினால் கிடைக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும் 23 வயது இளைஞரின் பெயரைத் தட்டினால் 15 வயதுச் செய்தி வந்து நிற்கும். அப்படிப்பட்ட பழைய செய்திகளை நீக்கக் கோருபவர்கள் யாருக்கு எழுத வேண்டும், எந்த ஆவணத்தை இணைக்க வேண்டும், எத்தனை நாளில் பதில் கிடைக்கும் என்பதைத் தங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், எங்களிடம் வந்து கேட்கும் குடும்பங்களுக்கு அதை வெட்டிக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
சிறார் நீதி மற்றும் நன்னடத்தைப் பணிகளில் இருக்கும் சிலர்